ரெட் என்றால் சிவப்பில்லை

பி.ஏ. இங்கிலீஷ் படித்தவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பிள்ளைப்பாக்கமே நம்பியது. நானும் நம்பினேன். அந்தத் தெம்பில்தான் ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போனபோது, "எந்த நாட்டு இங்கிலீஷும் எனக்குப் புரியும் சார்" என்று மேனேஜரிடம் அளந்துவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. இரண்டே மாதத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரரைக் கொண்டுவந்து என் எதிரே நிறுத்தினார்கள்.

1991 பிறந்த புதிது. சில மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது; இது எங்களை யாருக்கும் தெரியாத மார்கழியில் நடந்தது. புதிதாக வந்த, இரும்புத் தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினைப் பொருத்திக் கொடுக்க அந்த மனிதர் வந்திருந்தார். அவர் சொல்வதை நான் ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பொங்கலுக்குள் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வீட்டில் வாலாஜாபாத் அரிசி மில் வரன் ஒன்று தயாராகக் காத்திருந்தது. மாப்பிள்ளை தங்கமானவராம். எனக்கு அந்தத் தங்கம் வேண்டாம், இந்த டைப்ரைட்டர் போதும் என்றிருந்தது.

அவர் பேசுவதில் பத்து வார்த்தைக்கு நாலு புரியும். மிச்சம் ஆறை நான் சொந்தமாகப் போட்டுக்கொள்வேன். திருப்பிக் கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே! ஒரு மாதமாக எதுவும் வெடிக்கவில்லை என்பதால் எனக்குத் துணிச்சலும் கூடிவிட்டது.

போகிக்கு ஆறு நாள் இருக்கும்போது, துறைமுகத்தில் ஏதோ உதிரி பாகம் எடுக்க மெட்ராஸ் கிளம்பிக்கொண்டிருந்தவர், மெஷின் இருந்த ஷெட்டைச் சுற்றிக் கையை வீசிக் காட்டி என்னிடம் ஏதோ சொன்னார். எனக்கு மூன்று விஷயம் விளங்கியது. ஷெட், ரெட், வியாழக்கிழமை. வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் வருகிறார். ஆக, அதற்குள் ஷெட்டுக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். இதில் என்ன சந்தேகம்?

மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்தது. கட்டட வேலை, பராமரிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. வல்லக்கோட்டைக்காரர், ஐம்பது வயது.

"இன்னாமா, நல்லா கேட்டியா? ஷெட்டுக்குப் போயி செவப்பா?"

"வெள்ளைக்காரர் சொன்னா காரணம் இல்லாம இருக்குமா? அடிங்கண்ணே."

"இந்தக் குப்பைலாம் இன்னா பண்றது?"

ஷெட் முழுக்க உடைந்த மரப்பெட்டியும், இரும்புச் சீவலும், எண்ணெய்த் துணியும் மலையாகக் கிடந்தன. "குப்பையப் பத்தி அவர் ஒண்ணுமே சொல்லலியே" என்றேன் அதிகாரமாக.

மேஸ்திரி இரண்டு நாள் ஆட்களை வைத்து ஓவர்டைம் போட்டு அடித்தார். கோயில் மதிலுக்கு அடித்துப் பழகிய கை. வெறும் சிவப்பு கண்ணைக் குத்துகிறது என்று அவராகவே நடுநடுவே சுண்ணாம்பு அடித்துப் பட்டை பட்டையாக இழுத்துவிட்டார். கர்ப்பக்கிரகம் இருக்க வேண்டிய இடத்தில் பிரஸ் மெஷினும், அதைச் சுற்றிக் குப்பை மலையும்.

வியாழக்கிழமை காலை ஸ்காட்லாந்துக்காரர் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். பின்னாலேயே வந்த மேனேஜர் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரய்யா உன்னை அடிக்கச் சொன்னது? டைரக்டர் வர நேரத்துல தேர் ஜோடிச்சு வச்சிருக்கியா? கணக்கை முடிச்சிக்கினு கிளம்பு!"

மேஸ்திரி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையிலிருந்த பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் வாயைத் திறக்காததுதான் என்னைக் கொன்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று, "நான்தான் சார் சொன்னேன். அவர் பேசினது எனக்குச் சரியா புரியலை" என்றேன். மூன்று மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மை.

"அப்போ நீ கிளம்பு" என்றார் மேனேஜர்.

அப்போது ஸ்காட்லாந்துக்காரர் குறுக்கே வந்தார். குனிந்து குப்பையை அள்ளுவதுபோலக் காட்டி "ரெட்" என்றார். தொப்பியைத் தூக்கி, தன் வழுக்கைத் தலையில் சீப்பு போடுவதுபோலக் காட்டி "ரெட்" என்றார். சண்டை போடும் இருவரைப் பிரித்துவிடுவதுபோல மேனேஜரை ஒரு கையாலும் மேஸ்திரியை ஒரு கையாலும் தள்ளி, அதற்கும் "ரெட்" என்றார். பிறகு என்னைக் காட்டி, அடி விழுவதுபோலக் கையை ஓங்கிச் சிரித்துக்கொண்டே என்னவோ நீளமாகச் சொன்னார்.

மேனேஜருக்கும் அவர் பேச்சு புரியாது. அதை அவரும் வெளியே சொன்னதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெதுவாக என்னிடமே கேட்டார்: "என்னம்மா சொல்றார்?"

என் வேலை என் மொழிபெயர்ப்பில் தொங்கியது. எனக்குப் புரிந்தது 'அடி' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

"சண்டைய வெலக்க வந்தவளை அடிக்கக் கூடாதாம் சார். அவங்க ஊர்ல அது மகா பாவமாம்."

மேனேஜர் ஸ்காட்லாந்துக்காரரைப் பார்த்துப் புரிந்ததுபோலத் தலையாட்டினார். அவரும் ஆட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் வேலை பிழைத்தது. மதியம் வந்த டைரக்டர் ஷெட் வாசலில் கோடுகளைப் பார்த்ததும் தன்னையறியாமல் ஷூவைக் கழற்றினார். அதனால் மேனேஜருக்கும் பிழைத்தது.

பல வருஷம் கழித்துத்தான் ஒரு பெரிய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். ஒழிப்பது, ஒழுங்கு செய்வது என்று அர்த்தம். பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர், 'காப்பாற்று' என்ற பழைய ஆங்கிலச் சொல்லும் அதில் கலந்திருக்கிறது என்கிறார்கள் சிலர். புது வருஷத்துக்கு முன் அவர்கள் வீட்டை 'ரெட்' செய்வார்களாம். அதாவது, போகி. அன்று அவர் என்னைக் காட்டிச் சொன்னதும் அதிலேயே கிடைத்தது. சண்டையை விலக்கப் போகிறவருக்கு விழும் அடிக்கென்றே அங்கே தனிப்பெயர் இருக்கிறது. அந்த அடிதான் பலமாக விழுமாம். பாவம், புண்ணியம் எல்லாம் என் சொந்தச் சரக்கு.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே மேஸ்திரியிடம் போய், "குப்பையைத்தான் சொல்லியிருக்கார்ண்ணே. குப்பை அள்றதுக்கும், தலை சீவறதுக்கும் அவங்களுக்கு ஒரே வார்த்தையாம்" என்றேன்.

"நமக்கு மட்டும் இன்னாவாம்? குப்பையயும் வாருறோம், தலையயும் வாருறோம்" என்றார். பிறகு மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டே கேட்டார். "அந்த மன்ஷன் அடிக்கக் கூடாதுன்னு நெஜமாவே சொன்னாரா?"

"ஆமாம்ணே."

"சொல்லிருப்பாரு, சொல்லிருப்பாரு." துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். "என் கால வாரினது போதும். வா, இப்ப இதையும் வாரு."