பேதுரு நான்கு முறை மறுத்த பெரிய வெள்ளி

சாம்பல் புதன். காலைத் திருப்பலியில் நானும் என் மனைவியும் நெற்றியில் சாம்பல் பெற்றோம்.

தவக்காலம் மூன்றாம் வாரம், செவ்வாய். காலையில் அவள் சமையலறையில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். மாலையில் இறந்தாள். மூளையில் இரத்தக் கசிவு.

அதே வாரம், வியாழன். அடக்கம்.

குருத்து ஞாயிறு. பங்குக் கோவில் மண்டபத்தில் இயேசுவின் பாடுகளின் வாசகத்துக்கு ஒத்திகை நடந்தது. வாயிற்காவல் பணிப்பெண்ணின் வரி எவருக்கும் ஒதுக்கப்படவில்லை.

பெரிய வெள்ளி, பிற்பகல். யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு தமிழில் வாசிக்கப்பட்டது. பேதுரு நான்கு முறை மறுத்தார்.

நற்செய்தியில் பேதுரு தாம் இயேசுவின் சீடரல்ல என்று மறுப்பது மூன்று முறைதான்; மூன்றாவது மறுப்பில் சேவல் கூவும். நான்காவது எங்கள் பங்கில் நேர்ந்தது. அதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்கிறார் ஒருவர். நான் நிலைகுலைந்து வரியைத் தவறவிட்டேன் என்கிறார் இன்னொருவர். இரண்டும் தவறு. முப்பது ஆண்டுக்கு மேல் சாட்சியச் சட்டம் கற்பித்தவன் என்ற முறையில், தவறான சாட்சியம் பதிவில் நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றை ஒருவரே வாசிப்பதில்லை. குரல்களாகப் பிரித்து வாசிப்பது வழக்கம். இயேசுவின் சொற்கள் குருவானவருக்கு. கூட்டத்தின் சொற்கள் பாடகர் குழுவுக்கு. நிகழ்ச்சிகளைச் சொல்லிச் செல்லும் பகுதி, நாங்கள் கன்னடம் பேசும் இந்த நகரத்தின் மர்பி டவுன் பகுதிக்குக் குடிவந்த காலம் முதல் என்னுடையது. பேதுருவை வாசிப்பவர் எங்கள் தெருக்காரர்; தொழிற்சாலை இரைச்சலில் செவிப்புலனில் பெரும்பகுதியை இழந்து ஓய்வு பெற்றவர். காதுக்கருவி மைக் அருகே கீச்சிடும் என்பதால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பேதுரு ஆவார்.

என் மனைவிக்கு ஒரே ஒரு வரி. தலைமைக்குருவின் வீட்டு வாயிலில் காவல் இருந்த பணிப்பெண், உள்ளே வரும் பேதுருவைப் பார்த்து, நீரும் அந்த மனிதரின் சீடர்தானே என்று கேட்கிறாள். அவ்வளவுதான். எழுதப்பட்ட ஒழுங்குப்படி அந்த வரியைப் பெண்தான் வாசிக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் பங்கில் அது அவளுடையதாக நிலைத்துவிட்டது. தாளைப் பார்க்காமல் சொல்வாள். சொல்லி முடித்ததும், பக்கத்தில் நிற்கும் பேதுருவை முழங்கையால் ஒரு இடி இடிப்பாள். அவருடைய காதுக்கு அதுதான் மாற்று. கூட்டத்தின் கேள்விகளைப் பாடகர் குழு முழங்கும்போது அவருக்கே கேட்டுவிடும். இந்த ஒரு வரிக்கு மட்டும் முழங்கை தேவைப்பட்டது.

அவள் அந்த வரியைச் சொன்ன விதத்தில் எனக்கு நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. வீட்டு வாசலில் வந்து நிற்பவரை யார் என்று கேட்பதுபோல் கேட்பாள். ஒருமுறை நான் விளக்கினேன்: அது விடையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்வி, குறுக்கு விசாரணையில் மட்டுமே அனுமதிக்கப்படுவது, அதற்கேற்ற கூர்மை வேண்டும்.

"என்னங்க, அவ என்ன வக்கீலா? ராத்திரி குளிர்ல கதவுகிட்ட நிக்கிறா. உள்ள வர்ற ஆளை யாருன்னு கேக்க வேண்டாமா? நம்ம வாட்ச்மேன் கேக்குறதில்லையா?"

"வாட்ச்மேன் கேட்டு யாரும் ஆண்டவரை மறுதலித்ததில்லை."

"அது அந்த ஆள் பயந்தது. அவ மேல ஏன் பழியைப் போடுறீங்க?"

விவாதம் அத்துடன் முடிந்தது. அவளுடன் நடந்த பெரும்பாலான விவாதங்கள் அவ்வாறே முடிந்தன.

அடக்கத்துக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தவக்காலத்தில் இறப்பது பெரும் பேறு என்று பலர் எனக்கு அறிவித்தார்கள். ஆண்டவரே பாடுபட்டிருக்கிறார், நாம் எம்மாத்திரம் என்றார்கள். இச்செய்தி எனக்கு முன்பே தெரியும் என்பதைச் சொல்ல எவரும் இடைவெளி தரவில்லை. கைப்பேசியில் முள்முடிப் படங்கள் ரோஜா இதழ்களுடன் வந்துகொண்டிருந்தன. வீட்டிலோ, நான் தேடிய எந்தப் பொருளும் நான் நினைத்த இடத்தில் இல்லை. காப்பித்தூள் இருந்த டப்பாவின் மேல் 'ரவை' என்று எழுதியிருந்தது. அவளுக்கு அது குழப்பமாக இருந்ததில்லை.

ஒத்திகைக்குப் போனேன். வழிபாட்டுக் குழுவைக் கவனிக்கும் பெண், மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், மண்டப வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"அங்கிள், இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்களேன். அந்தக் கடைசி பார்ட் வரும்போது கஷ்டமா இருக்கும். யூத்ல ஒரு பையனை ரெடி பண்ணி வெச்சிருக்கேன், பேக்கப்பா."

"எனக்குக் கஷ்டமில்லை."

"சரி அங்கிள். ஆன்ட்டியோட லைன்?"

கடைசிப் பகுதி என்று அவள் குறிப்பிட்டது இயேசு உயிர்விடும் இடத்தை. எல்லோரும் அந்த இடத்தைத்தான் அஞ்சினார்கள். எனக்கு அதில் அச்சமே இல்லை. நான் அஞ்சியது அவள் இரண்டாவதாகக் கேட்ட கேள்வியை.

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. துக்க வீட்டுக்காரரை, அதிலும் பேராசிரியரை, இரண்டு முறை கேட்பது மரியாதை ஆகாது என்று நினைத்திருக்கிறாள். இந்த மரியாதையால் உலகில் எத்தனை வேலை கெட்டிருக்கிறது என்று யாராவது ஆராய வேண்டும்.

அன்று மாலை நகர எல்லையிலுள்ள சந்தாபுராவிலிருந்து என் மனைவியின் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அக்காவைவிடப் பத்து வயது இளையவள்; குரலும் அக்காவுடையது அன்று. பேச்சில் எப்போதும் சிறிது சண்டை இருக்கும்.

"மாமா, அக்கா வரியை யாருக்குக் குடுத்தீங்க?"

"இன்னும் முடிவாகவில்லை."

"முடிவாகலையா, இல்ல எங்கிட்ட சொல்ல வேணாம்னு இருக்கீங்களா? ஊர்ல யாருக்கோ குடுக்கப் போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் அன்னிக்கு இங்கயே கோயிலுக்குப் போய்க்கிறேன்."

"சொல்கிறேன்," என்றேன்.

சொல்லவில்லை. மறதி அதற்குக் காரணமன்று. அவளிடம் 'நீ வாசி' என்று சொல்வது மிக எளிது. வாயைத் திறந்தால் போதும். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் அந்த வரி கைமாறிவிடும். அடக்கத்தன்று பெட்டியை மூடச் சம்மதித்தேன், அவளுடைய புடவைகளைக் கொடுக்கச் சம்மதித்தேன், எல்லாவற்றுக்கும் தலையசைத்தேன். இந்த ஒன்றை மட்டும் என் கையில் வைத்திருந்தேன்.

ஆக, பெரிய வெள்ளியன்று நிலைமை இது: நான் யாரையோ ஏற்பாடு செய்துவிட்டேன் என்று குழுப் பெண் நம்பினாள். குழுப் பெண் யாரையோ ஏற்பாடு செய்துவிட்டாள் என்று பேதுரு நம்பினார். கூப்பிடாமல் முன்னால் போய் நிற்க மாட்டேன் என்ற பிடிவாதத்தோடு மைத்துனி மூன்றாம் வரிசையில் நின்றாள். சந்தாபுராவில் தங்கிவிடவில்லை, விடுமுறைக் கூட்டத்தில் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள்.

வெயில் கடுமையாக இருந்தது. பீடம் வெறுமையாக இருந்தது. விரிப்பு இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. வாசகம் தொடங்கியது. தோட்டம், கைது, பேதுருவின் வாள், அன்னாவின் வீடு என்று என் பகுதி தடையின்றிச் சென்றது. தலைமைக்குருவுக்கு அறிமுகமான இன்னொரு சீடர் சொன்னதன்பேரில் பேதுரு உள்ளே அழைத்துவரப்படுகிறார். வாயில் காத்த பணிப்பெண் அவரிடம் கேட்டாள் என்று வாசித்து நிறுத்தினேன்.

எதிர் மைக்கில் பேதுரு தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் இருந்தது. பழக்கத்தில் அவரே விட்டுவைத்திருந்த இடம் அது.

கோவில் காத்திருந்தது. குழுப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். முழங்கைக்காகக் காத்திருந்த பேதுரு, அது வராததையும் எல்லோரும் தம்மையே பார்ப்பதையும் கண்டு, அவசரமாகவும் மிக உரக்கவும், "இல்லை!" என்றார்.

யாரும் எதுவும் கேட்காமலே அவர் மறுத்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இத்தனை ஆண்டில் நான் ஒரு வரியைக்கூடத் திரும்ப வாசித்ததில்லை. திரும்ப வாசிக்கும் வாசகர்களைக் கண்டித்திருக்கிறேன். பேதுருவின் பதில் வந்துவிட்டது. அடுத்த வரிக்குப் போயிருக்கலாம், பெரும்பாலானவர்கள் கவனித்திருக்கமாட்டார்கள். பணிப்பெண் கேட்காமலே கதை நகர்ந்திருக்கும். அந்த வரியும் எவருக்கும் போகாமல் என்னிடமே நின்றிருக்கும்.

ஆனால் அப்படி விட்டால், வாயிலில் அப்படி ஒருத்தி நிற்கவே இல்லை என்றாகிவிடும்.

தாளில் மேலே போய், வாயில் காத்த பணிப்பெண் அவரிடம் கேட்டாள் என்ற பகுதியை மறுபடி வாசித்தேன். வாசித்துவிட்டுத் தலையை உயர்த்தி மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். மைத்துனி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

மைக் இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே கேட்டாள். அக்கா விசாரிப்பாள், இவள் விசாரணை செய்தாள். நான் அந்நாளில் கோரிய கூர்மை முழுவதும் அதில் இருந்தது. கேள்வி பேதுருவை நோக்கியதுதானா என்று எனக்கு ஐயம்.

"இல்லை," என்றார் பேதுரு, இம்முறை தணிந்த குரலில். மைக் இல்லாமலே அந்தக் கேள்வி அவருக்கும் கேட்டிருந்தது.

அதன்பின் தடை ஏதும் இல்லை. எல்லோரும் அஞ்சிய இடம் வந்தது, வாசித்தேன், மக்கள் முழந்தாளிட்டார்கள், நானும். எழுந்து கடைசிவரை வாசித்து முடித்தேன்.

சிலுவையை முத்தமிடும் சடங்குக்குப் பிறகு வெளியே மோர் கொடுத்தார்கள். பேதுரு காதுக்கருவியைப் பொருத்திக்கொண்டே வந்தார்.

"சார், என்னைத் திட்டாதீங்க. அம்மா ஒரு இடி இடிப்பாங்க. இந்தத் தடவை இடியே வரல. எல்லாரும் என்னையே பாக்குறீங்க. மாட்டிக்கிட்டவன் வேற என்ன சொல்லுவான்?"

"சரியாத்தான் செஞ்சீங்க," என்றார் குருவானவர். "அந்தப் பேதுருவும் அப்படித்தான் மாட்டியிருப்பார். சேவல்தான் பாவம், கணக்குத் தப்பிப்போய் நிக்குது."

மைத்துனி சிரிக்கவில்லை. மோர் டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"அடுத்த வருஷம் முன்னாடியே சொல்லுங்க மாமா. சந்தாபுராலேர்ந்து வர்றவ வழியெல்லாம் வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா கன்னடத்துல கேக்குறாங்க, உடம்பு சரியில்லையான்னு."

"உன் தொனி சற்றுக் கடுமை," என்றேன்.

"அக்காகிட்டயும் ஏதாவது குறை சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருந்தேன். நேர் எதிரான குறை.

செய்யாமல் நிற்பவை:

ஈஸ்டர் வாரத்தில் வரும் முப்பதாம் நாள் திருப்பலிக்கு என் மனைவியின் பெயரைக் கொடுப்பது.

அடுத்த ஆண்டும் பேதுருவின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மைத்துனியிடம் வாயால் சொல்வது. தலையசைப்பு போதாது.

முழங்கையைப் பற்றி அவளுக்கு விளக்குவது.

காப்பித்தூள் டப்பாவுக்குச் சரியான பெயர் எழுதி ஒட்டுவது. இதற்கு அவசரம் இல்லை.