ஒத்திகையில் விட்டுப்போன பகல்

மருந்துக் கம்பெனியில் அவருக்குத் தூசி என்று பெயர். இளையவர்கள் தூசியண்ணன் என்பார்கள். மருந்து நிரப்பி மூடிய கண்ணாடிக் குப்பிகளை விளக்குப் பெட்டியின் முன் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது அவர் வேலை. பெட்டியின் பின்பலகை பாதி வெள்ளை, பாதி கறுப்பு. கறுப்புத் துகள் வெள்ளையில் தெரியும், வெள்ளைத் துகள் கறுப்பில். குப்பியைக் கழுத்தில் பிடித்து மெல்லச் சுழற்றித் தலைகீழாகச் சாய்க்க வேண்டும். குமிழ் என்றால் மேலே போகும். தூசி என்றால் கீழே இறங்கும். இறங்கினால் குப்பி சிவப்புக் கூடைக்குப் போகும். கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதும். மறக்க எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, குழந்தையை வெளிச்சத்துக்கு உயர்த்தி, லேசாகச் சாய்த்தார்.

"அப்பா, அது குப்பி இல்லப்பா" என்றாள் மகள்.

"பாஸா ஃபெயிலா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். குழந்தையின் காது மடலுக்குப் பின்னால் கடுகளவு மச்சம் ஒன்று இருந்ததை அதற்குள் பார்த்திருந்தார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோது மச்சம்தான் ஞாபகம் இருந்தது. முகம் ஞாபகத்துக்கு வரவில்லை.

"வேலைய விட்டுடலாம்னு பாக்குறேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டிருந்தாள். வாயிலிருந்த நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "வயசு ஆகட்டுமே. இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கு" என்றாள்.

"அதுவரைக்கும் எனக்குக் கண்ணு இருக்காது."

"கண்ணு போயிடுமா?"

"கண்ணு இருக்கும். பாக்கத் தெரியாது."

அவள் மிஷினிலிருந்து காலை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் முதலில் சிரிப்பை நிறுத்தியவள் அவள்தான்.

முன்கூட்டியே விலகினால் பென்ஷன் குறையும். அதோடு மாடியறையிலிருந்து வரும் வாடகை. அதோடு அவள் தையல். இந்த மூன்றில் இரண்டு பேர் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அதனால் ஒத்திகை பார்த்தார்கள். சம்பளம் வந்ததும் பென்ஷன் அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதி வராததுபோலவே இருந்தார்கள். அவர் பஸ்ஸை விட்டு நடந்தார். பால் பாதியானது. பழைய படுக்கை விரிப்பை மனைவி நடுவில் கிழித்து, ஓரங்களை நடுவாக்கி மறுபடி தைத்தாள். கிழிசல் விளிம்புக்குப் போய்விட்டது. இரண்டு வருஷம் இப்படிப் போனது.

"நாடகம் எப்பம்மா அரங்கேற்றம்?" என்று மகள் போனில் கேட்பாள்.

"வசனம் மனப்பாடம் ஆயிடுச்சு. உங்கப்பாவுக்கு வேஷம்தான் இன்னும் தைக்கல" என்பாள் இவள்.

கடைசி நாளில் கம்பெனியில் சிலர் கேட் வரை வந்தார்கள். "வீட்டுல போய் என்ன பண்ணுவீங்கண்ணே? அண்ணிய வெளிச்சத்துல தூக்கிப் பாப்பீங்களா?" என்றான் ஒருவன். சூப்பர்வைசர் மட்டும் அவரைத் தனியே கூப்பிட்டு, "ஆறு மாசத்துக்குள்ள மனசு மாறினா வாங்க. உங்க பெட்டிக்கு ஆள் போடாம வைக்கிறேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வீட்டுக்கு நடக்கையில் அந்த வார்த்தை சட்டையில் ஒட்டிய முள்போலக் கூடவே வந்தது.

திங்கட்கிழமை முன்னறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். மதியத்துக்கு மேல் எதிர்ச் சுவரில் வெயில் விழும். இத்தனை வருஷத்தில் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரும்பாலும் தூங்கியிருக்கிறார்.

துணிப்பையோடு ஒரு பெண் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணனுக்கு லீவாக்கா?"

"லீவு இல்ல. வேலைய விட்டுட்டார்."

"ஓ." அவள் பையைக் கை மாற்றினாள். "அளவு குடுக்கணும். பரவால்லக்கா, அப்புறமா வரேன்."

அடுத்த முறை அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். உள்ளறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு திரைதான். அவர் இருமினால் அங்கே கேட்டது. அங்கே பேச்சு நின்றால் இங்கே கேட்டது. அந்தப் பெண்கள் துணி தைக்க மட்டும் வரவில்லை. மாமியாரைப் பற்றி, புருஷனைப் பற்றி, வேலை பார்க்கும் இடத்தில் ஒருத்தன் பார்க்கும் பார்வையைப் பற்றிச் சொல்ல வந்தார்கள். அளவு நாடா கழுத்தில் கிடக்க, இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். திரைக்குப் பின்னால் ஓர் ஆண் உட்கார்ந்திருக்கும்போது யார் சொல்வார்கள்?

ஒருநாள் தைத்து மாட்டியிருந்த சட்டையைப் பார்த்தபடி, "காலர்ல ஒரு தையல் விட்டுப்போயிருக்கு" என்றார். சட்டைக்கு உரியவள் அங்கேயே நின்றிருந்தாள். மனைவி சட்டையை இறக்கிக் காலரைப் பிரித்தாள். அன்று முழுக்க மிஷின் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

மூன்றாம் மாதம், தைக்க வந்ததை அடுக்கும் அலமாரியில் துணிக்குப் பதில் பலகை தெரிந்தது. அதைத் துடைக்கும் சாக்கில் அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஒத்திகை முழுவதும் மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் யாரிடமும் துணி வாங்குவதில்லை. வாரநாளின் பகலை அவர்கள் ஒருமுறைகூட ஒத்திகை பார்க்கவில்லை. கம்பெனிக்குப் போய்க்கொண்டே கம்பெனிக்குப் போகாமல் இருக்கப் பழகியிருந்தார்கள். பகலில் இந்த வீடு அவளுடைய வேலையிடம். அங்கே அவருக்கு இடம் ஒதுக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"திரும்பப் போயிடட்டுமா? பெட்டி காலியாத்தான் இருக்கு" என்றார்.

"எதுக்கு? மறுபடி பேரனைத் தூக்கிச் சாய்க்கவா?"

"துணி வரலையே."

"வரும்."

"நான் இருந்தா வராது."

அவள் காலி அலமாரியை மறுபடி துடைத்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

மறுநாள் காலையில் பரணிலிருந்து பழைய சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் துடைத்தார்.

"எங்க?"

"வேலைக்கு."

"என்ன வேலை?"

"வெளிய இருக்குற வேலை."

அவள் டப்பாவை நிரப்பிக் கொடுத்தாள். அவர் பழைய நேரத்துக்குக் கிளம்பினார், பழைய நேரத்துக்குத் திரும்பினார். நூலகத்தில் பேப்பர் படித்தார். அங்கே போரடித்தால் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தார். பூங்காவில் ஒரு குட்டை இருந்தது. அதில் மேலே வருவது எது, கீழே போவது எது என்று கண் தானாகவே தேடியது. இரண்டு தெரு தள்ளித் தன் வீடு இருக்க, ஆறிப்போன சாப்பாட்டை டப்பாவிலிருந்து சாப்பிட்டார்.

"சாருக்கு எந்த ஆபீஸ்?" என்று பூங்காக் காவலாளி கேட்டார்.

"தையல்."

"கை ஒழிஞ்சு உக்காந்திருக்கீங்களே?"

"நான் இங்க உக்காந்தாத்தான் அங்க மிஷின் ஓடும்."

காவலாளி அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

துணி வர ஆரம்பித்தது. "அப்பா ரிட்டயர் ஆனதும் வீட்டையே விட்டுட்டாரா?" என்று மகள் கேட்டாள். அம்மா போனை மறு கைக்கு மாற்றி, பேரன் சாப்பிட்டானா என்று கேட்டாள்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் நூலகம் விடுமுறை, பூங்காவில் ஒதுங்க இடமில்லை. நடுப்பகலில் வீடு வரை வந்துவிட்டு, வாசலில் பெண்களின் செருப்புகளைப் பார்த்து, மாடிப்படிக்கு அடியில் டப்பாவோடு நின்றார். உள்ளே யாரோ ஏதோ சொல்ல, அவர் மனைவி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. இவ்வளவு வருஷத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. சாரல் முழங்காலுக்குக் கீழே நனைத்தது. நகராமல் நின்று கேட்டார்.

வெளியே வந்த பெண் குடையை விரிக்கப் போய் அவரைப் பார்த்தாள். "அண்ணே, இப்படி நனையுறீங்களே. உங்க வீடுதானே?"

கேள்வி வீட்டுக்குள்ளும் கேட்டது. மனைவி வாசலுக்கு வந்தாள். அவரையும் கையிலிருந்த டப்பாவையும் பார்த்தாள். உள்ளே போய்த் துண்டை எடுத்துவந்து கொடுத்தாள்.

மறுநாள் டப்பா காலியாகவே கவிழ்ந்திருந்தது.

"நிரப்பலையா?"

"இல்ல. ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வாங்க."

வந்தபோது கதவில் ஓர் அட்டை தொங்கியது. மதியம் இரண்டு முதல் நான்கு வரை தையல் இல்லை. மை தீர்ந்துபோய்க் கடைசிச் சொல்லின் மேல் இரண்டு முறை எழுதியிருந்தாள். வரி கீழ்நோக்கி இறங்கியிருந்தது. அதைப் பார்த்தார். உள்ளே போனார்.

"துணி குறையுமே" என்றார்.

"கொஞ்சம் குறையும். ஒரு மாசம் ஒத்திகை பாப்போம்."

சுடச்சுடச் சாப்பிட்டார்கள். பிறகு அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பழக்கத்தில் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு மிஷின் மேல் வைத்தாள், மறுபடி மடியில்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"சும்மா இருக்கணும்."

"எப்படி?"

"எனக்கும் இன்னும் சரியாத் தெரியல."

மழை விட்டிருந்தது. எதிர்ச் சுவரில் வெயில் விழுந்து, மெல்ல நகர்ந்து, அவள் பக்கவாட்டு முகத்துக்கு வந்தது. வாடிக்கைக்காரிகள் பார்க்கும் முகம். கம்பெனிக்குப் போன வருஷங்களில் இந்த நேரத்தில் அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்ததில்லை. காதுக்கு மேலே, கறுப்பு மிச்சமிருந்த முடியில், ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. முதலில் அதுதான் கண்ணில் பட்டது. எடுக்கக் கை எழுந்தது. கையை இறக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.