மிதிவெடிக் காட்டில் கேட்ட பாங்கு

சகோதரிகளே, தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது எனக்குப் புதுக் கல்யாணம். அன்றைக்குப் பட்டதுதான் பெரிய பயம் என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரியது யுத்தம் முடிந்த பிறகு வந்தது.

மீளக் குடியேறலாம் என்றதும் என் கணவர் மன்னாரில் எங்கள் காணியைத் துப்புரவாக்கப் போனார். நான், அகதியாக வந்து தங்கிய புத்தளத்து ஓலைக் குடிசையில் பிள்ளைகளோடு தங்கி, கற்பிட்டியில் வெங்காயம் பிடுங்கும் கூலி வேலைக்குப் போனேன். ஒரு நாள் பின்னேரம் தோட்டத்தில் நிற்கும்போது அவர் போனில் பேசினார்.

“புள்ள, நம்மட கிணத்தத் தேடிப் பழைய பாதையால வந்தேன். இப்ப திரும்பிப் பார்த்தா மிதிவெடி கவனம் எண்டு எழுதின பலகை எனக்குப் பின்னால நிக்குது.”

தன் வாப்பாவின் காணிக்குத் தனக்கா வழி தெரியாது என்று, கூட வந்தவர்களை விட்டுத் தனியாகப் போயிருக்கிறார். ஊரை விட்டு வந்த நம் ஆட்கள் யாரும் செய்யக்கூடிய பிழைதான். கண்ணை மூடினாலும் அந்தப் பாதை நமக்குத் தெரியும். நாம் வெளியேறிய பிறகு அங்கே எதைப் புதைத்தார்கள் என்பது தெரியாது.

“கால அசைக்காதீங்க! நிண்ட இடத்திலயே நில்லுங்க!” என்று கத்தினேன்.

“கூட வந்த ஆக்களுக்கு எடுத்துப் பார்த்தேன், கிடைக்கல்ல. சார்ஜும் முடியப்போகுது.” என்றார் அவர்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. புயல் வந்தாலும் கடல் பொங்கினாலும் நம் ஆட்கள் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்வார்கள்; அதுதான் வாயில் வந்தது. “பாங்கு சொல்லுங்க. விடாமச் சொல்லுங்க.” அவர் “அல்லாஹு அக்பர்” என்று தொடங்கினார். அத்தோடு போன் நின்றுவிட்டது.

வெங்காயப் பாத்தியிலேயே நெற்றியை மண்ணில் வைத்து ஸஜ்தாவில் விழுந்தேன். “யா அல்லாஹ், ஊரத்தான் தரல்ல. இந்த மனிசனையாவது தா!” கோபத்தோடுதான் கேட்டேன். பக்கத்தில் வேலை செய்த பெண்களும் அழுதபடி துஆக் கேட்டார்கள். வெடிச்சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது என்று தெரிந்தும் காதைப் பொத்திக்கொண்டேன்.

பொழுது பட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு யாருடைய போனிலிருந்தோ அவர் பேசினார். “புள்ள, இருக்கேன்.”

பள்ளிவாசலே இல்லாத காட்டுக்குள்ளிருந்து வந்த பாங்குச் சத்தம், தூரத்தில் மிதிவெடி அகற்றிக்கொண்டிருந்த ஆட்களுக்குக் கேட்டிருக்கிறது. இதென்ன புதினம் என்று பார்க்க வந்தவர்கள், மண்ணைச் சோதித்துச் சோதித்து அவரிடம் போய் வெளியே கூட்டி வந்திருக்கிறார்கள்.

மறுநாள் வீட்டுக்கு வந்தவர், முற்றத்தில் கால் வைக்கப் பயந்து வாசல் படலையடியிலேயே நின்றார். நான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். அகதிக் கொட்டில் என்று நான் நாளும் ஏசிய குடிசை அது. அதன் தரையில் அவர் வெறுங்காலோடு நடந்ததைப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டு அழுதேன்.

ஊர் இன்னும் கிடைக்கவில்லை. பயமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது யாரிடம் சொல்வது என்று தெரியும். நீங்களும் அவனைக் கூப்பிடுங்கள், சகோதரிகளே. நல்ல வார்த்தை வராவிட்டால் கோபித்துக்கொண்டாவது கூப்பிடுங்கள். அவன் கேட்பான்.