ஆமையின் வேகம்

எங்கள் தையல் ஆலையில் என் அண்ணிக்கு ஆமை என்று பெயர். வைத்த புண்ணியவான் சூப்பர்வைசர். காலர் தைக்கும் வரிசையில் அன்றைய டார்கெட்டை முடிப்பாள். அதற்கு மேல் ஒரு சட்டை நகராது. அதே அண்ணி, வீட்டில் அக்கம்பக்கத்தாருக்குத் தைக்க உட்கார்ந்தால் மெஷின் அலறும். ஆலையில் அவளுக்கு அடுத்த மெஷின் என்னுடையது. ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நாத்தனார் புத்தி, வேறென்ன.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பட்டன் லைன்ல ஒருத்தி வேகமா தெச்சா. எல்லாரும் கை தட்டினாங்க. மறுநாள் அதுதான் மொத்த லைனுக்கும் டார்கெட். முடியாதவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றாள். பிறகு என் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தாள். "நம்ம லைன்ல டார்கெட்டை ஏத்தினா, முதல்ல வீட்டுக்குப் போறது நீதான்."

மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதன் பிறகு யார் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தாலும் உளவு பார்ப்பதாகவே பட்டது.

விடுமுறை நாளொன்றில் மகளின் பள்ளிச் சீருடையோடு, யாரோ சொன்ன விலாசத்தைத் தேடி ஒருவர் வாசலில் வந்து நின்றார். சூப்பர்வைசர்! அண்ணி நிமிர்வதற்குள் அவள் கை பறந்ததைப் பார்த்துவிட்டார்.

"வீட்டு மெஷின் கொஞ்சம் நல்ல மெஷின் சார்" என்று சமாளித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் முதலாளியோடு எங்கள் வரிசைக்கு வந்தார். "இதுக்கு மேல முடியுமா?" என்று முதலாளி கேட்டார்.

"சான்ஸே இல்ல சார். இதுவே இழுத்துப் பிடிச்சு வேலை வாங்குறேன்" என்றார் சூப்பர்வைசர்.

அவர்கள் நகர்ந்ததும், "நல்ல மனுஷன் அண்ணி" என்று கிசுகிசுத்தேன்.

"மண்ணாங்கட்டி. டார்கெட் ஏறி நாம முடிக்கலைன்னா அவர் தலைதான் முதல்ல உருளும். முதலாளி முன்னால அவரும் ஆமைதான்."

அன்று மாலையே சூப்பர்வைசர் பெரிய துணிமூட்டையோடு வீட்டுக்கு வந்தார்.

"சொந்தக்காரங்க துணிம்மா. கூலியெல்லாம் கேக்க மாட்டீங்கன்னு தெரியும். நாளைக்கே வேணும். உங்க வேகம் எனக்குத் தெரியாதா?"

பாவி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி பதறவேயில்லை.

"நான் என்ன சார் பண்ணுவேன்? இதுக்கு மேல முடியாதுன்னு முதலாளிகிட்ட நீங்களே சொல்லிட்டீங்க. நாளைக்கே தெச்சுக் குடுத்தா, நீங்க பொய் சொன்னதா ஆயிடாதா?"

அவர் முகம் தொங்கிப்போனது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

என் வேலைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவர் அண்ணியை ஆமை என்று கூப்பிடுவதே இல்லை. மரியாதையாக, "வாங்கம்மா" என்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.