மொட்டைத் தலைக்குக் குல்லா பின்னிய கதை

1. விழுந்த ஸ்வெட்டர்

டிசைனராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை டீ வருவதற்குள் ஒரு ஸ்வெட்டரைக் கெடுத்தேன்.

பின்னல் மெஷினில் கேரேஜ் என்று ஒன்று உண்டு. ஊசி வரிசைமேல் அதை இழுத்தால் ஒரு வரிசை பின்னப்படும். நூல் கோத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நூல் அறுந்திருந்ததைப் பார்க்காமல் நான் ஒரு இழுப்பு இழுத்தேன். பாதி வளர்ந்த ஸ்வெட்டர் ஊசிகளை விட்டுக் கழன்று மொத்தமாக என் காலடியில் விழுந்தது.

பக்கத்து மெஷினில் இருந்த சுலோச்சனா எட்டிப் பார்த்தாள். பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். “இதான் டிசைனாக்கா?” என்று கேட்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

அப்போது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதுவரை அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ரயிலில் போய்வரும்போது பின்னுவதற்கு ஊசியும் நூலும் பையிலேயே இருக்கும். பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போனதும் நான் வேலையை விட்டுவிட்டு, சென்னையில் நிட்வேர் டிசைன் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தேன். கூடப் படித்த பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்பார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் மேடம் என்பார்கள்.

திருத்தணி பைபாஸ் பக்கம் ஸ்கூல் ஸ்வெட்டர் பின்னும் சின்ன யூனிட் ஒன்று இருந்தது. முதலாளி பெயர் பாஸ்கர். மழை தொடங்கிப் பொங்கல் வரை மெஷின்கள் ஓடும், மற்ற மாதங்களில் துணி போர்த்திக் கிடக்கும். வெயிலிலும் விற்கிற ஒரு சரக்கைக் கண்டுபிடிக்கத்தான் என்னை எடுத்தார். ஆடிக்கிருத்திகைக்குள் ஒன்றும் அமையாவிட்டால் பாதி மெஷினை விற்றுவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அந்தப் பாதியில் சுலோச்சனாவின் மெஷினும் இருந்தது.

எங்கள் ஊர் வெயிலில் கண்ணில் படுவதெல்லாம் மொட்டைத் தலைதான். முடி இறக்கி, சந்தனம் பூசி, துண்டையோ முந்தானையையோ போட்டுக்கொண்டு ஜனங்கள் மலையிலிருந்து வருவார்கள். அந்தத் தலைக்கு மெல்லிசான காட்டன் நூலில் குல்லா பின்னலாம் என்றேன். பாஸ்கருக்குப் பிடித்துவிட்டது.

“நம்ம ஊர்ல தலைக்கா பஞ்சம்? போடுங்கம்மா.”

2. தலைக்குப் பஞ்சம்

பஞ்சம் வந்தது. மலைக்கு வருகிறவர்கள் மொட்டை போட்ட கையோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். குல்லாவைப் போட்டுப் பார்க்கச் சொன்னால் போட்டுப் பார்ப்பார்கள், நன்றாயிருக்கிறது என்பார்கள், போய்விடுவார்கள். மறுநாள் அது எப்படி உட்காருகிறது, முடி முளைக்கிறபோது என்ன ஆகிறது என்று பார்க்க, வீட்டோடு இருக்கிற ஒரு மொட்டை எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் ஒரு தலை இருந்தது. என் கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டை அடித்துக்கொள்வார். ஆகவே வேண்டுதல் என்று ஆரம்பித்தேன்.

“உனுக்கு வேல கெடச்சா எனுக்கு மொட்டன்னு வேண்டிகினியா?”

“ஆங்.”

“வேண்டிகினது நீ. தல மட்டும் என்னுதா?”

“டிசைனரே மொட்டயா போய் நின்னா கம்பெனில இன்னாங்க நெனப்பாங்க?”

என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். இருபது வருஷம் ரயிலோடு போய்வந்தவர், டிக்கெட் இல்லாத முகத்தை அவருக்குத் தெரியும்.

“இது முருகனுக்கா, கம்பெனிக்கா?”

“ரெண்டு பேருக்குந்தாங்க.”

நான் வேண்டிக்கொண்டது பொய்யில்லை. வேலை கிடைத்த பிறகு வேண்டிக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

முடி இறக்கிய அன்று வெள்ளைக் குல்லாவைப் போட்டேன். சந்தனம் ஒட்டித் திட்டுத்திட்டாக மஞ்சளானது. சரி, நூலையே சந்தனக் கலரில் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் குல்லா கச்சிதமாக உட்கார்ந்தது. சுலோச்சனாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் அவரால் குல்லாவைக் கழற்ற முடியவில்லை. முள்முள்ளாக முளைத்த முடி பின்னலுக்குள் போய்க் கொக்கி போட்டுக்கொண்டது. நான் இழுக்க, அவர் கத்த, எதிர்வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பின்னலுக்கு இரண்டு முகம். ஒன்று வழவழப்பு, மற்றது முடிச்சு முடிச்சாக இருக்கும். வழக்கமாக வழவழப்பு வெளியே, முடிச்சு உள்ளே. முடியைப் பிடித்தது அந்த முடிச்சுகள்தான். குல்லாவைத் திருப்பி, வழவழப்பு தலையில் படுகிற மாதிரி போட்டேன். வழுக்கிக்கொண்டு போனது, வழுக்கிக்கொண்டு வந்தது. “இத மொதல்லயே பண்ணக்கூடாதா?” என்றார் கணவர், தலையைத் தடவிக்கொண்டே.

3. முதலாளி செய்த உதவி

சென்னையில் பூஜைச் சாமான் கடைகள் வைத்திருந்த ஒரு அம்மாள் சாம்பிள் பார்க்க வந்தார். மாடலாகக் கணவரை அழைத்துப் போயிருந்தேன். அவர் மறுபடி மொட்டையடித்து அன்று மூன்றாம் நாள், முடி முள்ளாகக் குத்துகிற நாளாகப் பார்த்து வேண்டுமென்றேதான்.

நான் உள்ளே போவதற்குள் பாஸ்கர் ஒரு உதவி செய்திருந்தார். எல்லாக் குல்லாவும் உள்பக்கம் வெளியே இருப்பதைப் பார்த்துப் பதறி, ஒன்று விடாமல் ‘சரியாக’த் திருப்பி அடுக்கி வைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒன்றை எடுத்து என் கணவர் தலையில் மாட்டியும் விட்டார்.

“ஃபிட்டிங் பாருங்க மேடம்” என்றார்.

“அழகா இருக்கு. கழட்டுங்க, உள்ள பாக்கறேன்” என்றார் அந்த அம்மாள்.

பாஸ்கர் இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். குல்லாவோடு என் கணவரும் நாற்காலியை விட்டு எழுந்தார். சுலோச்சனா மெஷினை நிறுத்திவிட்டாள். அவள் மெஷின் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது என் கணவர், ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசுகிற குரலில், நிதானமாகச் சொன்னார்: “மேடம், கடைல விக்கற குல்லாலாம் இப்டிதான் புடிச்சிக்கும். அத காட்டத்தான் போட்டாங்க. எங்க வீட்டம்மா டிசைன் இன்னும் வரல.”

அந்த நூலைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையிலிருந்ததைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, திருப்பி, மறுபடி போட்டேன். அந்த அம்மாளையே கழற்றச் சொன்னேன். இரண்டு விரலால் எடுத்தார். போட்டார், எடுத்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. குழந்தை சைஸ், பெரிய சைஸ் இரண்டுக்கும் ஆர்டர் சொல்லிவிட்டுத்தான் காபி குடித்தார்.

அவர் கார் போனதும் பாஸ்கர் என்னிடம் வந்தார். “நான் வேணும்னேதாம்மா அப்டி மாட்னேன். பிசினஸ் டெக்னிக்.”

ஆங் சார் என்றேன். சுலோச்சனா மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

புதிதாக வருகிற டிசைனர் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். ஸ்கெட்ச் போடுமுன் அந்த உடுப்பைப் போட்டுக்கொள்ளப் போகிறவரைப் பிடியுங்கள். முதல் நாளோடு விட்டுவிடாதீர்கள். மூன்றாம் நாளும் அவர் தலையைப் பாருங்கள்.

என் கணவர் டை அடிப்பதை விட்டுவிட்டார், அடிக்க முடி இருந்தால்தானே. புது சைஸ் வரும்போதெல்லாம் மலைக்குப் போகிறார். போன மாதம் படியில் பார்த்த பழைய ரயில்வே நண்பர், இன்னும் என்ன வேண்டுதல் பாக்கி என்று கேட்டாராம்.

“வேண்டுதல் இல்லப்பா,” என்றாராம் இவர். “டூட்டி.”