தராசுத் தட்டில் பிள்ளை

எனக்குப் பால் இல்லை என்று வீடே முடிவு செய்திருந்தது. மூத்த பிள்ளைக்கு அப்போது இரண்டாம் மாதம். அம்மா உயிரோடு இல்லாததால் பிரசவம் முடிந்து ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டுக்கே வந்திருந்தேன். பிள்ளை ஓயாமல் அழுதது.

வாரம் ஒரு தடவை எடை பாருங்கள் என்றுதான் ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாள். இவர்கள் வியாபாரக் குடும்பம். மலைக்கோட்டை அடியில் மளிகைக் கடை. மாமனார் கடைத் தராசையே கொண்டுவந்து கூடத்தில் தொங்கவிட்டார். பால் கொடுக்குமுன் ஒரு எடை, கொடுத்த பின் ஒரு எடை. புளி நிறுத்த தட்டில் துணி விரித்து என் பிள்ளை. கிராம் படிக்கல் வந்த புதிது. அவர் அதை மாற்றி மாற்றி வைக்க, மாமியாரும் நாத்தனாரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சில நாள் எதிர் வீட்டு அம்மாவும். அறைக்குள் பிள்ளையை மடியில் போட்டதுமே வெளியே கல் உரசும் சத்தம் கேட்கும். என் உடம்பு இறுகிப்போகும். வந்த பாலும் நின்றுவிடும்.

கொல்லையில் ஒரு பசு இருந்தது. மாமியார்தான் கறப்பார். கறக்கும்போது கொட்டகைப் பக்கம் யாரும் போகக் கூடாது, உரத்துப் பேசக் கூடாது. மாடு மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். பால் குறைந்த நாளில் மாட்டை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். யார் மிரட்டினது என்று எங்களைத்தான் பிடித்துக்கொள்வார். எனக்குப் பால் குறைந்தபோது மட்டும், யார் மிரட்டினது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

நாளையிலிருந்து டப்பாப் பால் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்கள். புட்டி பழகினால் பிள்ளை என்னிடம் குடிக்காது. அன்று சாயங்காலம் தராசில் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போய் வைக்கோலில் உட்கார்ந்தேன். மாமியார் அப்போதுதான் கறக்கத் தொடங்கியிருந்தார்.

"எந்திரிச்சுப் போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க அத்தை. மாடும் கேக்கட்டும்."

மாடு மிரளுமே என்று அவர் குனிந்து கறந்தார். தினமும் கழுநீர் வைக்கிறவள் நான். மாடு ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டது. பால் பித்தளைச் செம்பில் விழுந்துகொண்டிருந்தது. என்னை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கியது. வாயோரம் வழிந்து என் புடவை நனைந்தது.

உள்ளேயிருந்து மாமனார் எடை போடச் சத்தமாகக் கூப்பிட்டார். முன் எடை போடாமல் எதிலிருந்து எதைக் கழிப்பார் என்று மாமியாரிடம் கேட்டேன். அவர் செம்போடு நின்று தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். "கத்தாதீங்க, மாடு மிரளும்" என்று மாமனாரை அடக்கியது கேட்டது.

மாமியார் மனசு மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு மாடுதான் முக்கியம். எனக்கு அதுவே போதும். மற்ற வேளைகளிலும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். மாடு மிரளுமே என்று பயந்து ஒருவரும் பின்னால் வரவில்லை. பல் முளைக்கும்வரை என் பிள்ளை கொட்டகையில்தான் பால் குடித்தது.