சொட்டாத வண்டி

ஹெட்லி டிரான்ட்டர் முப்பத்தொரு வருடம் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஓய்வுபெற்ற பிறகு காலையில் அவர் முதலில் பார்ப்பது, வாசலில் நிற்கும் பச்சை ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் போட்டிருக்கும் அட்டையைத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் செய்த வண்டி. அட்டையில் நான்கு சொட்டு எண்ணெய் இருந்தால் நிம்மதி. இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். ஒழுகுவது வண்டியின் குணம் என்பார்கள்.

அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனான நான் ஊர்சுற்றிவிட்டுத் திரும்பிய வாரம், சொட்டு பதினொன்றாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை குன்றேறும் பந்தயத்தில் அதை ஓட்டப்போவது அவர் மனைவி ஈனிட். வியாழனன்று ஹெட்லி எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் நைந்திருந்ததைச் சுரண்டியெடுத்துப் புதிது வைத்தார்.

வெள்ளியன்று அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. சனியன்றும் இல்லை.

"என்ன ஹெட்லி, ஒழுகாத ஜப்பான் வண்டியா மாறிடுச்சா?" என்று பழைய வண்டிச் சங்கத்து ஆட்கள் சிரித்தார்கள்.

ஹெட்லி சிரிக்கவில்லை. "எண்ணெய் அளவு சரியாத்தான் இருக்கு. ஆனா நாலு சொட்டாவது விழணுமே."

"தரை காய்ஞ்சிருக்குன்னு கவலைப்படுற ஒரே ஆம்பள நீதான்," என்றார் ஈனிட். "ஒரு வருஷமா காத்திருக்கேன். நாளைக்கு வந்து ஏதாவது புலம்பினே, உன் மேலயே ஏத்திடுவேன்."

மறுநாள் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் குன்றுக்குக் கொண்டுபோனோம். ஈனிட் வரிசையில் வண்டிக்குள் உட்கார்ந்து எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். என் அருகே ஹெட்லி கை துடைக்கத் துணி தேடினார். பையைத் துழாவிய கை நின்றது.

"வியாழக்கிழமை தொடைக்கறதுக்குப் பழைய சட்டைய நாலாக் கிழிச்சேன். மூணுதான் இருக்கு."

"அதனாலென்ன?"

"மூடியக் கழுவறப்போ தூசி போகாம இருக்க, எஞ்சின் காத்து வெளிய போற மூச்சுக்குழாய்ல ஒண்ணை அடைச்சேன். எடுக்கவே இல்ல. வழக்கமான அந்த நாலு சொட்டும் அதுலேர்ந்துதான் விழும்." பையைக் கீழே போட்டார். "உள்ள இருக்கற காத்து வெளிய போக வழியில்ல. எண்ணெயத்தான் தள்ளும்."

ஓடினார். புறப்படும் கோட்டுக்கு வந்துவிட்ட வண்டிக்கு நேர் முன்னால் போய் நின்றார்.

"நகரு ஹெட்லி! பச்சை விளக்கு விழப்போகுது!" என்று கத்தினார் ஈனிட்.

அவர் பானெட்டைத் திறந்து துணியைப் பிடுங்கினார். புஸ்ஸென்று காற்று வந்தது. ஆனால் எஞ்சினின் பின்பக்கம் ஏற்கெனவே எண்ணெய் வழிந்து, பழுக்கக் காய்ந்த புகைக்குழாய்மேல் விழுந்து பொரிந்துகொண்டிருந்தது.

"இறங்கு, ஈனிட்."

"துணிதான் வந்துடுச்சே!"

"இறங்கு."

ஈனிட் ஒருமுறை குன்றைப் பார்த்தார். பிறகு பெல்ட்டை அவிழ்த்தார். அவர் கால் புல்லில் பட்டதும், பெடல்களுக்குப் பின்னாலிருந்து மஞ்சளாக ஒரு தீநாக்கு எட்டிப் பார்த்தது.